மைனஸ் 10.4 வந்துவிட்டது, மருந்து வந்துவிட்டதா?

கேள்வி: 8 ஜூன் 2025, இரவு 10.50

எம்.எஸ்சி. பயோடெக், கடைசி செமஸ்டர். ஊர் ஓசூர், காலேஜ் பெங்களூரு. முருங்கை இலையில் இருக்கும் 42 மூலக்கூறுகளைக் காக்ஸ்-2 என்ற அழற்சிப் புரதத்தோடு ஆட்டோடாக் வினா என்ற நிரலில் டாக்கிங் செய்தேன், அதாவது மூலக்கூறு புரதத்தில் எங்கே, எப்படி ஒட்டும் என்று கணினியில் பார்த்தேன். ரூட்டின் என்ற மூலக்கூறுக்கு ஸ்கோர் மைனஸ் 10.4 வந்தது (மைனஸ் கூடக்கூட ஒட்டுவது பலம் என்று கணக்கு). ஒப்பிட்டுப் பார்க்க 5-ஃப்ளூரோயுராசில் போட்டேன், அதற்கு மைனஸ் 5.1தான். அதாவது பெருங்குடல் புற்றுநோய்க்கு இப்போது கொடுக்கும் மருந்தைவிட ரூட்டின் இரண்டு மடங்கு நன்றாக ஒட்டுகிறது. பேப்பர் எழுதச் சொல்கிறார் கைடு. என் அத்தைக்கும் இதே நோய், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. முருங்கைச் சாறு தினமும் கொடுக்கலாமா? ரூட்டின் மருந்தாக வர எத்தனை வருஷம் ஆகும்?

பதில்: 8 ஜூன், இரவு 11.40

அத்தை விஷயம் முதலில். முருங்கைக்கீரையைப் பொரியலாகவோ சூப்பாகவோ வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் அளவில் கொடுத்தால் போதும், அதுவும் வயிறு ஒத்துக்கொண்டால். சாறு, பொடி, கேப்ஸ்யூல் எதுவும் கீமோ டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கேட்கக் கூச்சமாக இருந்தால் பொடி டப்பாவை அப்படியே எடுத்துப் போய் அவர் மேஜைமேல் வைத்துவிடு. மீதி நாளைக்கு. இங்கே கரண்ட் போய்விட்டது.

9 ஜூன், காலை

சரி, உன் கணக்குக்கு வருவோம். 5-ஃப்ளூரோயுராசிலை எதற்காக எடுத்தாய்? நீ படித்த பேப்பர்களில் எல்லாரும் அதைப் போட்டிருந்தார்கள், அதனால்தானே? 1957லிருந்து இருக்கும் மருந்து அது, பெருங்குடல் கீமோவுக்கு இன்றைக்கும் அதுதான் அடித்தளம். ஆனால் காக்ஸ்-2ல் அதற்கு வேலையே கிடையாது. செல்லுக்குள் நுழைந்து, வேறு உருவம் எடுத்து, தைமிடிலேட் சிந்தேஸ் என்ற நொதியை முடக்குகிறது. மருந்துக் குப்பியில் இருக்கிற உருவத்தில் அது அந்த நொதியில்கூட ஒழுங்காக உட்காராது. சம்பந்தமே இல்லாத வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, கதவு திறக்கவில்லை, அதனால் பக்கத்து வீட்டுக்காரர் கெட்டிக்காரர் என்று சொல்கிறாய்.

அடுத்தது உடம்பு. 5-ஃப்ளூரோயுராசிலில் ஹைட்ரஜனை விட்டுவிட்டால் 9 அணு. ரூட்டினில் 43. வினாவின் ஸ்கோர் ஏறக்குறைய எத்தனை இடத்தில் உரசுகிறது என்பதைக் கூட்டிச் சொல்வது. மெஜஸ்டிக் போகும் பஸ்ஸில் பெரிய மூட்டையோடு ஏறுகிறவர் நாலு பேர்மேல் உரசத்தான் செய்வார், அதை நெருக்கம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அணு ஒன்றுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார். ரூட்டின் 0.24. நீ மட்டம் தட்டிய 5-ஃப்ளூரோயுராசில் 0.57. இந்தக் கணக்கில் உன் முடிவு தலைகீழாகிவிடுகிறது. (இந்தக் கணக்கும் வேதவாக்கு கிடையாது, சின்ன மூலக்கூறுகளுக்கு இது கொஞ்சம் சலுகை காட்டும். ஆனாலும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.)

காக்ஸ்-2ஐத் தடுக்கவே செய்த மருந்தான செலிகாக்சிப் போட்டிருந்தால் நியாயமான ஒப்பீடு. காக்ஸ்-2ல் அது உட்கார்ந்திருக்கும் படிக அமைப்பே, அதாவது அணு அணுவாக எடுத்த படமே, புரத வடிவங்களைச் சேர்த்து வைக்கும் புரத வங்கியில் இருக்கிறது. இலக்கு மோசம் என்று நான் சொல்லவில்லை. செலிகாக்சிப் குடலில் பாலிப் (பின்னால் புற்றாக மாறக்கூடிய சின்ன வளர்ச்சி) திரும்ப வருவதைக் குறைக்கிறது என்று பெரிய பரிசோதனைகளில் தெரிந்தது, இதயத்துக்கு ஆபத்து என்றும் அதே பரிசோதனைகளில்தான் தெரிந்தது.

9 ஜூன், இரவு

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன், வாத்தியார் வாடை அடிக்கிறது. நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2013ல் பெங்களூரு மத்திகெரேயில் ஒரு பிஜியில் இருந்தேன். செகண்ட்ஹேண்ட் லேப்டாப். டாக்கிங் ஓடும்போது அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி காயும், அதனால் இரண்டு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் வைத்திருப்பேன். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிவு. என் மூலக்கூறு மஞ்சளில் இருக்கும் குர்குமின். இலக்கு பீட்டா-கேட்டனின். குடல் புற்றுநோயில் பெரும்பாலும் முதலில் கெடுவது ஏபிசி என்ற மரபணு. அது கெட்டால் பீட்டா-கேட்டனினைக் கட்டுப்படுத்த ஆள் இல்லாமல் போகும், செல் பெருகிக்கொண்டே இருக்கும். இதைப் படித்ததும் எனக்குப் பிரச்சினையின் வேரையே பிடித்துவிட்ட மாதிரி இருந்தது. காலையில் மைனஸ் 8.1. அம்மாவுக்கு போன் பண்ணி நம்ம மஞ்சள் வேலை செய்கிறது என்றேன். அதற்குத்தானே தினம் போடுகிறோம் என்றார் அம்மா.

செமினாரில் பச்சையும் ஆரஞ்சுமாகப் படம் போட்டேன். கடைசி வரிசையில் இருந்த வயதான பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ குர்குமினை உட்கார வைத்திருக்கிற இந்தக் குழியில், உடம்புக்குள் வழக்கமாக யார் வந்து உட்காருவார்கள் அம்மா?"

யாரும் இல்லை. புரதத்தின் எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்று நிரலுக்குக் காட்டும் பெட்டியைப் புரதம் முழுவதற்குமாகப் போட்டிருந்தேன். எங்கோ ஓர் ஓரத்தில் பொந்து கிடைத்ததும் நிரல் சந்தோஷமாக அங்கே செருகிவிட்டது. பீட்டா-கேட்டனினோடு அதன் கூட்டாளியான டிசிஎஃப் புரதம் வந்து கட்டிக்கொள்ளும் இடம் நீளமான, ஆழமில்லாத பள்ளம், வாழைத்தண்டைப் பாதியாகப் பிளந்து வைத்த மாதிரி. சின்ன மூலக்கூறு அங்கே பிடித்து நிற்பதே கஷ்டம். அந்தப் புரதத்தை நேராகப் பிடிக்கும் மருந்து ஒன்றும் இன்றுவரை கடைக்கு வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்று ராத்திரி வெறுத்துப் போய், அப்பாவின் மாத்திரை டப்பா ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் அதே பெட்டியில் போட்டேன். பாராசிட்டமால், செட்ரிசின், டெல்மிசார்டன். பிரஷர் மாத்திரை டெல்மிசார்டனுக்கு மைனஸ் 9.3. குர்குமினைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. டெல்மிசார்டன் குடல் புற்றுநோய்க்கு மருந்து என்று பேப்பர் எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், பொய் சொல்வானேன்.

11 ஜூன்

மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்: நிரலின் பெயரே வினாவாக இருக்கிறதே, விடை எங்கே கிடைக்கும்? பெயர் வைத்தவர்கள் அமெரிக்காவில் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர்கள், 2010ல் கட்டுரை வந்தது. தமிழ் தெரிந்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பொருத்தம்தான்.

13 ஜூன்

டாக்கிங் கேள்வி கேட்ட தம்பியிடம் தனியாக ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: பெருங்குடல் புற்றுநோய்க்கு இப்போதே ஒரு செடி மருந்து பயன்பாட்டில் இருக்கிறது, தெரியுமா? தெரியாது என்றான். அத்தைக்கு ஏறுவதே அதுவாகவும் இருக்கலாம். சீட்டில் ஃபோல்ஃபிரி (FOLFIRI) என்ற கீமோக் கலவையின் பெயர் எழுதியிருந்தால் ஆங்கிலத்தில் கடைசி மூன்றெழுத்து அதுதான். இரினோடெகான்.

மூலம் காம்ப்டோதெசின். சீனத்தில் வளரும் ஒரு மரத்திலிருந்து மன்றோ வால், மன்சுக் வானி என்ற இருவர் பிரித்தெடுத்து 1966ல் அறிவித்தார்கள். வானி மும்பைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1972ல் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் வேறொரு மரத்திலும் அது நிறைய இருப்பதை டி.ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் காட்டினார்கள். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் செய்த வேலை அது. தாவரவியலில் அந்த மரத்துக்கு நோத்தபோடைட்டஸ் என்று பெயர். கன்னடத்தில் துர்வாசனெ மரம், மராத்தியில் நரக்யா. பெயரே சொல்கிறது. சீர்சி பக்கம் ஒருமுறை போனபோது வழிகாட்டியாக வந்தவர் ஓர் இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். சொல்ல மாட்டேன், நீங்களே போய் முகர்ந்துகொள்ளுங்கள். அந்த மணத்தை வைத்து அதை யாரும் கஷாயம் போட்டிருக்க மாட்டார்கள். இப்போது காம்ப்டோதெசினுக்காக அடியோடு வெட்டி வெட்டி, காட்டில் மரம் குறைந்துபோனது தனிக்கதை.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த மரமும் இந்த மூலக்கூறும் யாருக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். தம்பி தன் லேப்டாப்பில் இன்று தேடினால் கிடைக்குமா?

கிடைக்காது. முதலில் எல்லாரும் போடும் சல்லடை, லிப்பின்ஸ்கியின் ‘ஐந்தின் விதி’. மூலக்கூறு எடை 500க்கு மேல் போனால் ஓரங்கட்டுவது வழக்கம். இரினோடெகானின் எடை 587. வாசலிலேயே போய்விட்டது. காம்ப்டோதெசின் 348, அது உள்ளே வந்துவிடும். சரி, அதை எதனோடு டாக்கிங் செய்வாய்? அதன் இலக்கு டிஎன்ஏவின் முறுக்கை அவிழ்க்கும் டோபோஐசோமரேஸ்-1 என்ற நொதி என்பது 1985ல்தான் தெரிந்தது, மருந்து கிடைத்து ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து. இலக்கு தெரியும் என்றே வைத்துக்கொண்டாலும் புரதத்தை மட்டும் தனியாக எடுத்து, தண்ணீரையும் மற்றதையும் நீக்கிச் சுத்தம் செய், அப்படித்தானே யூடியூப் பாடத்தில் சொல்கிறார்கள்? தனிப் புரதத்தில் காம்ப்டோதெசினுக்கு இடமே இல்லை. புரதம் டிஎன்ஏவின் ஓர் இழையை வெட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில், வெட்டுவாயில் போய்ச் செருகிக்கொள்கிறது. தைக்கிறவர் துணியை வெட்டிக்கொண்டிருக்கும்போது கத்தரிக்கும் துணிக்கும் நடுவில் குண்டூசி மாட்டிக்கொள்கிற மாதிரி. கத்தரியை மட்டும் படம் எடுத்தால் ஊசிக்கான இடம் எப்படித் தெரியும்? அந்த மூன்றும் சேர்ந்த அமைப்பு, காம்ப்டோதெசினின் தம்பியான டோபோடெகானோடு, 2002ல்தான் வெளிவந்தது.

இன்னொன்றும் உண்டு. இரினோடெகான் நேராக வேலை செய்வதில்லை. உடம்பில் இருக்கும் நொதிகள் அதன் ஒரு பக்கத்தை நறுக்கி எஸ்என்-38 ஆக்க வேண்டும். அதுதான் நூறு, ஆயிரம் மடங்கு வீரியமானது. ஆக டாக்கிங் செய்ய வேண்டிய மூலக்கூறு மரத்திலும் இல்லை, ஊசி மருந்துக் குப்பியிலும் இல்லை, நோயாளியின் ஈரலில் இருக்கிறது.

இதை மருந்தாக ஆக்கிய ஜப்பான் கம்பெனி யாகுல்ட். ஆமாம், அந்தச் சின்னக் குப்பித் தயிர்ப்பானம் விற்கிறவர்களேதான். 1994ல் ஜப்பானில் அனுமதி, 1996ல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு.

14 ஜூன்

திருத்தம். மும்பையிலிருந்து ஓர் அக்கா பிடித்துவிட்டார். கோவிந்தாச்சாரி மாநிலக் கல்லூரியில் இருந்தது முன்னாலே. 1972ல் அவர் மும்பை கோரேகாவில் சிபா ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர். அக்கா சிறுவயதில் அந்தப் பக்கம் குடியிருந்தவராம். நம் ஊர் ஆள் என்ற ஆசையில் ஊரையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

14 ஜூன், சற்று நேரம் கழித்து

1970களில் காம்ப்டோதெசினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது என்ன ஆனது என்று ஒருவர் கேட்டார். அது தண்ணீரில் கரையாது. கரையட்டும் என்று சோடியம் உப்பாக மாற்றினார்கள். மாற்றும்போது மூலக்கூறில் இருக்கும் ஒரு வளையம் திறந்துவிடும், திறந்தால் வீரியம் போய்விடும். கொடுத்ததில் பலன் குறைவு, சிறுநீர்ப்பையில் ரத்தம். பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். கரைய வைக்கப் போய்க் கெட்டது. டாக்கிங் படத்தில் மூலக்கூறு எப்போதும் கரைந்தே இருக்கும்.

16 ஜூன்

முள் சீத்தா ஃபார்வர்டை யாரோ இங்கே போட்டிருக்கிறார்கள், கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு என்று. வேதாளம் முருங்கையிலிருந்து இறங்கி சீத்தா மரத்தில் ஏறிவிட்டது. அதில் இருக்கும் அனோனாசின் நரம்புச் செல்லையும் கொல்லும். கரீபியனில் குவாதலூப் தீவில் அந்தப் பழமும் இலைக் கஷாயமும் நிறையச் சாப்பிடுகிறவர்களிடம், வழக்கமான மருந்துக்கு மசியாத பார்க்கின்சன் போன்ற நோய் அதிகமாக இருந்ததை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். செல்லைக் கொல்வது பெரிய காரியமில்லை, பினாயிலும்தான் கொல்லும்.

17 ஜூன்

சித்தப்பா கதையை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசனை. அவரே எழுது என்றார்.

அல்சூரில் இருக்கிறார். 2019ல் பெருங்குடலின் சிக்மாய்ட் பகுதியில் கட்டி, ஈரலில் இரண்டு புள்ளி. ஆபரேஷன் முடிந்து ஃபோல்ஃபிரி ஆரம்பித்தார்கள். மருந்து ஏறிய அன்று ஒன்றுமில்லை, இட்லி சாப்பிட்டார், கிரிக்கெட் பார்த்தார். ஆறாம் நாள் விடியற்காலை ஆரம்பித்தது பேதி. ஒரு பகலில் பதினான்கு தடவை. சித்தி சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார், ஐந்து ஐந்தாகக் குறுக்கே அடித்து, பால் கணக்கு மாதிரி. லோபரமைடு கேட்கவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்தார். வெள்ளணுக்கள் அடியோடு இறங்கியிருந்தன.

அப்புறம் டாக்டர் பழைய ரிப்போர்ட்டெல்லாம் கொண்டுவரச் சொன்னார். சித்தப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கண்ணில் லேசாக மஞ்சள் இருக்கும். காய்ச்சல் வந்தால், பட்டினி கிடந்தால் கூடும். காமாலை என்று சொல்லி வருஷத்துக்கு ஒரு தடவை பாட்டி மோரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார், ஒரு வாரத்தில் சரியாகிவிடும். கீழாநெல்லியின் பெருமை எங்கள் வீட்டில் அப்படித்தான் நிலைநின்றது. அது காமாலையே இல்லை. கில்பர்ட் என்ற பிறவிக் குறை, ஆபத்தில்லாதது, தானே ஏறித் தானே இறங்கும். ஈரலில் யுஜிடி1ஏ1 என்ற நொதி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். எஸ்என்-38ல் சர்க்கரை அமிலத்தை ஒட்டி அடக்கி வெளியேற்றுவதும் அதே நொதி. அது குறைந்தவருக்கு முழு அளவு இரினோடெகான் கொடுத்தால் எஸ்என்-38 உடம்பில் தேங்கும். மரபணுச் சோதனையில் அதுவே உறுதியானது. அடுத்த முறையிலிருந்து அளவைக் குறைத்தார்கள். அப்புறம் தாங்கினார். இன்றைக்கு ஆறு வருஷம். காலையில் ஏரிக்கரையில் நடக்கிறார், என்னைவிட வேகமாக.

தம்பி, இங்கேதான் உனக்கு ஒரு யோசனை. ஈரலில் சர்க்கரை அமிலம் ஒட்டிய எஸ்என்-38 பித்தநீரோடு குடலுக்கு வருகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் பீட்டா-குளுகுரோனிடேஸ் என்ற நொதியால் அந்தச் சர்க்கரையைப் பிய்த்துத் தின்றுவிட்டு, மருந்தைத் திரும்ப விஷமாக விட்டுவிடுகின்றன. தாமதமாக வரும் பேதிக்கு அது முக்கியக் காரணம். 2010ல் அமெரிக்காவில் ஒரு குழு, பாக்டீரியாவின் அந்த நொதியை மட்டும் அடைக்கும் மூலக்கூறுகளைக் கண்டுபிடித்து எலிகளில் பேதி குறைவதைக் காட்டியது. ஜப்பானில் ஹாங்கே-ஷாஷின்-தோ என்ற பழைய மூலிகைக் கலவையை இதே பேதிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதில் உள்ள பைக்காலின் அந்த நொதியைத் தடுக்கிறது. நொதியின் படிக அமைப்பு இருக்கிறது, அடைப்பான் உட்கார்ந்த படமும் இருக்கிறது. புற்றையே கொல்லும் மூலிகை தேடுவதைவிட இது சின்ன வேலை, முடிக்கக்கூடிய வேலை. நம் செடிகளில் எது அந்தக் குழியில் உட்காரும் என்று பார்.

18 ஜூன்

நேற்று எழுதிய பிறகு என் முதல் பதிலிலேயே ஓர் ஓட்டை தெரிகிறது. ரூட்டின் பெரிய மூலக்கூறு, ரத்தத்தில் ஏறாது என்று மனதுக்குள் அதைத் தள்ளிவிட்டேன். எழுதவில்லை, ஆனால் அந்த நினைப்பில்தான் பேசினேன். பெருங்குடல் நோய்க்கு ரத்தத்தில் ஏறாமல் இருப்பது குறையா? சிறுகுடலில் உறிஞ்சப்படாத ரூட்டின் பெருங்குடல்வரை போய்ச் சேர்கிறது. அங்கே பாக்டீரியா சர்க்கரையைக் கழற்றிக் குவெர்செட்டினாக விடுகிறது. லிப்பின்ஸ்கி 1997ல் சொன்னது விழுங்கும் மாத்திரை ரத்தத்துக்குப் போகுமா என்பதற்கு. சம்பவ இடமே குடலாக இருக்கும்போது அந்தச் சல்லடையைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவது தப்பு.

சந்தோஷப்படாதே. சித்தப்பாவுக்கு மாதிரி ஈரலுக்குப் பரவியிருந்தால் ரத்தம் வழியாகத்தான் போயாக வேண்டும். பாலிப் நிலையில் தடுப்பதற்கு ஒருவேளை. அதில் உண்மையான உதாரணம் பெர்பரின், நம் மரமஞ்சளில் இருப்பது. சீனாவில் பாலிப் எடுத்தவர்களுக்கு நாளைக்கு இரண்டு வேளை 0.3 கிராம் கொடுத்து இரண்டு வருஷம் பார்த்தார்கள். பாலிப் திரும்ப வந்தது 36 சதவீதம், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 47. 2020ல் வெளிவந்தது. பெர்பரின் குடலில் மிகக் கொஞ்சமே உறிஞ்சப்படும். மரமஞ்சளை இப்போதே அரைக்க ஆரம்பிக்காதீர்கள், அது ஏற்கனவே புற்று வந்தவர்களுக்குச் செய்த சோதனை இல்லை.

18 ஜூன், இரவு

கீமோவோடு கஷாயம் சேர்ந்தால் அப்படி என்ன ஆகிவிடும் என்பவருக்கு: மனச்சோர்வுக்கு மேல்நாட்டில் கடையில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை. அதை இரினோடெகானோடு சாப்பிட்டவர்கள் ரத்தத்தில் எஸ்என்-38 அளவு 42 சதவீதம் இறங்கியது. மூலிகை யாரையும் கொல்லவில்லை, மருந்தைக் காலி செய்தது.

22 ஜூன்

ஞாயிற்றுக்கிழமை, மழை, வெளியே போக வழியில்லை. செல் சோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

டாக்கிங்கில் தேறியதை எச்சிடி-116, எச்டி-29 போன்ற குடல் புற்றுச் செல்களில் போட்டுப் பார்ப்பது அடுத்த படி. வழக்கமான சோதனை எம்டிடி. மஞ்சள் கரைசலை ஊற்றினால் உயிரோடு இருக்கும் செல் அதைக் கத்தரிப்பூ நிறப் படிகமாக மாற்றும். நிறம் அதிகம் என்றால் உயிர் அதிகம். 96 குழி உள்ள தட்டு. நான் முதலில் வேலை பார்த்த ஒரு லேபில் மாதுளம் தோல் சாறு வைத்துச் செய்துகொண்டிருந்தோம். என் மேலதிகாரி அவசரக்காரர், செல் இல்லாத குழிகளில் சாறு மட்டும் விட்டுப் பார்க்கும் வரிசையை வீண் செலவு என்று விட்டுவிடச் சொன்னார். முடிவு: எவ்வளவு சாறு போட்டாலும் செல் சாகவில்லை, அதிகம் போட்டால் இன்னும் கொழுகொழு என்று இருக்கிறது. கைவிட்டோம். இரண்டு மாதம் கழித்து மிச்சமிருந்த தட்டில் ஒரு சந்தேகத்துக்காகச் செல் இல்லாத குழியில் சாறும் எம்டிடியும் மட்டும் விட்டேன். டீ குடித்துவிட்டு வந்தால் கத்தரிப்பூ நிறம். செல்லே இல்லை, நிறம் இருக்கிறது. துவர்ப்பான பாலிஃபீனால்களுக்கு எம்டிடியை நேராகவே நிறம் மாற்றும் குணம் உண்டு. செத்த செல்லையெல்லாம் உயிரோடு இருப்பதாகப் படித்திருந்தோம். நல்ல மருந்தைத் தூக்கிப் போட்டோமா, கெட்ட மருந்தைத் தூக்கிப் போட்டோமா, இன்றுவரை தெரியாது.

குர்குமினுக்கு இந்த மாதிரித் தந்திரம் ஏராளம். தானே நிறம், தானே ஒளிரும், புரதங்களில் கண்டபடி ஒட்டும், தண்ணீரில் சீக்கிரம் சிதையும். 2017ல் வேதியியலாளர்கள் சேர்ந்து அதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். 120க்கு மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளைத் தாண்டியும் உருப்படியான பலன் ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். அதைப் படித்த அன்றும் அம்மாவுக்கு போன் பண்ணினேன். சாம்பாரில் போடலாம்தானே என்றார். போடலாம்.

23 ஜூன்

"அப்படியானால் கணினியே தண்டமா அக்கா?" இல்லை. நான் சம்பளம் வாங்குவதே அதில்தான்.

தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் தொகுத்த இம்பாட் தரவுத்தளத்தில் 4010 இந்திய மூலிகைகள், 17,967 மூலக்கூறுகள். முப்பரிமாண வடிவத்தோடு, இலவசம். இவ்வளவையும் எவராலும் வாங்கிச் சோதிக்க முடியாது. நிறைய மூலக்கூறுகள் கடையிலேயே கிடையாது, கிடைப்பவற்றில் 5 மில்லிகிராமுக்குக் கேட்கும் விலையைப் பார்த்தால் பவுன் வாங்கலாம் போலிருக்கும். பதினெட்டாயிரத்தை முப்பதாக்குவதற்கு டாக்கிங் வேண்டும். அந்த முப்பதில் இருபத்தெட்டு தோற்கும் என்று தெரிந்தே வாங்க வேண்டும். 2019ல் ஒரு குழு 13.8 கோடி மூலக்கூறுகளை ஒரு மூளைப் புரதத்தோடு டாக்கிங் செய்தது. அவர்கள் அதோடு நிறுத்தவில்லை, 549ஐ உண்மையாகவே செய்து சோதித்தார்கள். நல்ல ஸ்கோர், நடு ஸ்கோர், மட்டமான ஸ்கோர் எல்லாவற்றிலிருந்தும் எடுத்தார்கள். மட்டமானதையும் சோதித்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு மரியாதை வந்தது.

தினமும் பஸ்ஸில் இந்திய அறிவியல் கழகத்தின் வாசலைத் தாண்டிப் போகிறேன். ஜி.என். ராமச்சந்திரன் அங்கே திரும்பி வருவதற்கு முன்பே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1963ல் சகாக்களோடு போட்ட வரைபடத்தைத்தான் இன்றும் புரத மாதிரி எதையும் சரிபார்க்கப் பயன்படுத்துகிறோம். அந்த வரைபடம் சொல்வதில் முக்கால்வாசி, இந்தக் கோணத்தில் சங்கிலி மடங்கவே மடங்காது என்பதுதான்.

5 ஜூலை

தம்பி நேற்று ஒரு நீளமான செய்தி அனுப்பியிருந்தான். அனுமதியோடு சுருக்கமாக.

செலிகாக்சிபைப் படிகத்திலிருந்து எடுத்துவிட்டுத் திரும்ப டாக்கிங் செய்து பார்த்தான், அசல் இடத்திலிருந்து 0.9 ஆங்ஸ்ட்ராம் (அணு அளவில் நீளம் அளக்கும் அலகு) விலகலில் போய் உட்கார்ந்தது. 2க்குக் கீழே இருந்தால் பெட்டி சரியான இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதே பெட்டியில் ரூட்டினைப் போட்டால் முன்பு வந்த மைனஸ் 10.4 வரவில்லை, மைனஸ் 6.8. குழிக்குள் அது நுழையவே இல்லை, வாசலில் சர்க்கரையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. பழைய பெட்டி எங்கே இருந்தது என்று பார்த்தானாம். புரதத்தின் இரண்டு சங்கிலிகளுக்கு நடுவிலிருக்கும் இடைவெளி. மத்திகெரே ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

கைடு கோபித்துக்கொள்ளவில்லையாம். பீட்டா-குளுகுரோனிடேஸ் யோசனைக்குச் சரி என்றிருக்கிறார், ஆனால் மனித நொதியிலும் போட்டுப் பார்த்துவிட்டு வா என்றாராம். நான் சொல்ல மறந்தது அது. நல்ல கைடு. நம் உடம்பில் இருக்கும் அதே வகை நொதியையும் சேர்த்து அடைத்தால் வேறு வம்பு. பாக்டீரியாவுடையதில் குழி வாசலருகே ஒரு வளையம் நீட்டிக்கொண்டிருக்கும், மனிதனுடையதில் அது கிடையாது. அதைப் பிடிக்கும் மூலக்கூறைத் தேடு.

அத்தைக்கு நாலாவது சைக்கிள் முடிந்ததாம். சீட்டில் இரினோடெகான் இல்லை, ஆக்சாலிபிளாட்டின். விரல் மரத்துப்போகிறது, ஃப்ரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். அந்த மருந்துக்கு அப்படித்தான், குளிர்ந்ததைத் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொல்.

இனிமேல் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் பெட்டியின் மையமும் அளவும் தெரிகிற மாதிரி அனுப்பு. வெறும் ஸ்கோரை மட்டும் அனுப்பினால் பதில் வராது.